ராக்கெட் கிளைடர் ஏன் குட்டிக்கரணம் அடிக்கிறது?

கேட்டவர் பாராசூட்டில் இறங்கும் சாதாரண மாடல் ராக்கெட்டுகளை நன்றாகப் பறக்கவிட்டிருக்கிறார். கையால் வீசும் பால்சா கிளைடரும் செய்து பழகியவர். இரண்டையும் சேர்த்துப் போட்டிக்காக, ராக்கெட்டாக ஏறிக் கிளைடராக மிதந்து இறங்கும் ஒரு ராக்கெட் கிளைடர் கட்டியிருக்கிறார். முதல் மாடல் ஏவுகம்பியை விட்டு வந்த உடனே குட்டிக்கரணம் அடித்துத் தரையில் மோதியது. மூக்கில் களிமண் அப்பி இரண்டாவது மாடலை விட்டார். அது அம்பு மாதிரி மேலே போனது, அம்பு மாதிரியே கீழேயும் வந்தது. எங்கே தப்பு, போட்டியில் நிற்கிற அளவுக்கு ஒன்றை எப்படிக் கட்டுவது என்பது கேள்வி.

ஒரு விதத்தில் இரண்டு மாடலும் தப்பே செய்யவில்லை. முதலாவது நல்ல கிளைடர், அதனால்தான் ராக்கெட்டாகப் போக மறுத்தது. இரண்டாவது நல்ல ராக்கெட், அதற்கு மிதக்கத் தெரியவில்லை. இந்த இரண்டு குணமும் ஒரே உடம்பில் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது ஒரு சின்னக் கணக்கில் தெரிந்துவிடும்.

இந்த மாதிரிச் சின்னக் கிளைடர் மிதக்கும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 5 மீட்டர். அந்த வேகத்தில் இறக்கை தரும் தூக்குவிசை மாடலின் எடைக்குச் சமம். இப்போது மோட்டாரைப் பாருங்கள். ஏ வகுப்பு மோட்டாரின் மொத்த உந்தம் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-நொடி. ஏவும்போது மாடல் மோட்டாரோடு 35 கிராம் என்றால், காற்றும் ஈர்ப்பும் இல்லாத உலகில் அது நொடிக்கு 71 மீட்டர் வேகத்தைத் தொடும். நிஜத்தில் 50 என்று வைத்துக்கொள்வோம். மிதக்கும் வேகத்தைப் போல 10 மடங்கு. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது 100 மடங்காகிறது. மிதப்பதற்கென்று வைத்த கோணத்திலேயே இறக்கை இருந்தால், 35 கிராம் மாடலை அது மூன்றரைக் கிலோ கனத்தைத் தூக்குகிற விசையோடு முதுகுப் பக்கமாக இழுக்கும். குட்டிக்கரணம் அடிக்காமல் என்ன செய்யும்? இறக்கை ஒடியாமல் இருந்ததே பெரிய விஷயம்.

இந்த 100 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாமே தானாகப் புரியும். காற்றை வைத்துச் செய்கிற எந்தத் திருத்தமும் ஏறும்போது 100 மடங்காகும். வாலின் பின்விளிம்பை மேல்நோக்கி லேசாக வளைப்பது, சுக்கானைக் கொஞ்சம் திருப்புவது, இறக்கையில் இருக்கிற முறுக்கு எல்லாம் இதில் சேர்த்தி. எடையை வைத்துச் செய்கிற திருத்தம் அப்படிப் பெருகாது. கையால் வீசும் கிளைடரில் பழகியவர்கள் விரல் பழக்கத்தில் எதையாவது வளைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை விடுவதுதான் இதில் முதல் பாடம்.

ராக்கெட்டாக ஏறும்போது ஈர்ப்பு மையம், காற்றழுத்த மையத்துக்கு (காற்றின் விசை மொத்தமும் சேர்ந்து தாக்குகிற புள்ளிக்கு) முன்னால், குறைந்தது உடற்குழாயின் ஒரு விட்டம் அளவாவது இருக்க வேண்டும். இறக்கையும் வாலும் ஒரே கோணத்தில், அதாவது பூஜ்ய வித்தியாசத்தில் இருக்க வேண்டும். மிதக்கும்போது ஈர்ப்பு மையம் நன்றாகப் பின்னால் வர வேண்டும். இறக்கைக்கும் வாலுக்கும் இடையில் 2 டிகிரி போல வித்தியாசமும் வேண்டும். ஆகவே உச்சியில் மாடலில் ஏதாவது ஒன்று மாறியே தீர வேண்டும். எதை மாற்றுவது என்பதில்தான் ஒவ்வொரு வடிவமைப்பும் வேறுபடுகிறது.

பழைய வழி, தேவை இல்லாததைக் கழற்றி விடுவது. 1960-களின் தொடக்கத்தில் எஸ்டெஸ் நிறுவனம் விற்ற ‘ஸ்பேஸ் பிளேன்’ என்ற மாடலில் மோட்டார் பின்னால் இருந்தது. உச்சியில் வெளித்தள்ளும் மருந்து, அதாவது மோட்டார் எரிந்து முடிந்து சில நொடி கழித்து வெடிக்கும் சிறு வெடிமருந்து, வெடித்ததும் மோட்டார் கூடு பின்பக்கமாகத் தெறித்து விழும். கனம் போனதால் ஈர்ப்பு மையம் இடம் மாறும். அதுவரை கூடு அழுத்தி வைத்திருந்த பின்விளிம்புத் தகடுகள் மேலே எழும்பும். ஒரே அடியில் இரண்டு வேலை! அடுத்து வந்தவர்கள் மோட்டாரை முன்னால் ஒரு தனிக் குழாயில் வைத்து, கிளைடரின் மூக்கில் கொக்கி போட்டு மாட்டினார்கள். உச்சியில் அந்தக் குழாய் கழன்று, ஒரு நாடாவோடு தனியே இறங்கும். இந்த வகைக்குப் பூஸ்ட் கிளைடர் என்று பெயர். கட்டுவதும் எளிது. ஒரே தொல்லை, கழன்ற குழாயின் நாடா சில சமயம் கிளைடரையே சுற்றிக்கொள்ளும். இரண்டும் கட்டிப்பிடித்தபடி சுழன்று விழும். இதற்கு ‘ரெட் பேரன்’ என்று செல்லப்பெயரே உண்டு.

நீங்கள் கேட்பது ராக்கெட் கிளைடர். இதில் எதுவும் பிரியக் கூடாது. எரிந்து முடிந்த மோட்டார் கூட்டையும் சுமந்துகொண்டே மாடல் மிதந்து இறங்க வேண்டும். ஏதாவது ஒன்று கழன்று விழுந்தால் அந்தப் பறப்பு செல்லாது. அதனால் மாற்றம் முழுவதும் மாடலின் உடம்புக்குள்ளேயே நடந்தாக வேண்டும்.

இறக்கையைப் பின்னால் மடித்து வைத்து உச்சியில் விரிப்பவர்கள் உண்டு. இறக்கையின் வெளிப்பாதியை உள்பாதியின் மேல் மடித்து, ஏறும்போது பரப்பையே குறைப்பவர்கள் உண்டு. முழு இறக்கையையும் கத்தரிக்கோல் மாதிரி 90 டிகிரி திருப்பி உடலோடு ஒட்டவைக்கும் வடிவமும் இருக்கிறது. ஏறும்போது பார்த்தால் இறக்கை இருப்பதே தெரியாது. மோட்டார் குழாயே பின்னால் நகர்கிற வகையும் உண்டு. முதல் மாடலுக்கு நான் நகரும் இறக்கையைத்தான் சொல்வேன். கீல்கள் இல்லை, இறக்கை ஒரே துண்டு, தப்பு நடந்தால் எங்கே என்று கண்ணுக்குத் தெரியும்.

நகரும் இறக்கை வேலை செய்வது இப்படி. உடலாக ஒரு கம்பு. முன்முனையில் மோட்டார் குழாய். கம்பின் மேல் இறக்கை ஒரு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். ஏவும்போது இறக்கை பின்னால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். காற்றழுத்த மையம் பின்னால் போய்விடும், அதனால் மாடல் ராக்கெட். உச்சியில் கட்டு விட்டதும் ரப்பர் பேண்ட் இறக்கையை முன்னால் இழுக்கும். இறக்கையை வைத்துப் பார்த்தால் ஈர்ப்பு மையம் பின்னால் வந்துவிட்டது, அதனால் மாடல் கிளைடர். கோண வித்தியாசத்தையும் இதே அசைவில் வாங்கிவிடலாம். தண்டவாளத்தின் முன்முனையில் ஒரு சிறு சரிவு வைத்தால், இறக்கை அங்கே ஏறி உட்காரும்போது அதன் முன்விளிம்பு உயரும். 70 மி.மீ. அகல இறக்கையில் 2 டிகிரி என்பது முன்விளிம்பு சுமார் இரண்டரை மி.மீ. உயர்வது, அவ்வளவுதான். இந்தச் சரிவு இல்லாமல் இறக்கையை நகர்த்த மட்டும் செய்து, மிதப்பு சரியாக வரவில்லையே என்று வால் விளிம்பை வளைத்தால், பழையபடி 100 மடங்குப் பேய் வந்து நிற்கும்.

கம்பு வட்டமாக இருந்தால் இறக்கை அதைச் சுற்றிச் சாயும். கார்பன் குழாய்தான் இருக்கிறது என்றால் மேலே ஒரு தட்டையான பட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள். ஓட்டம் தாராளமாக இருக்க வேண்டும். மாடலைத் தலைகீழாகப் பிடித்தாலும், ஒரு முனையில் விரலால் லேசாக அழுத்தினாலும் இறக்கை தடையில்லாமல் முன்னே ஓட வேண்டும். முன்னே போய் நின்ற பிறகு மட்டும் ஆடக் கூடாது. நகரும்போது தளர்வு, நின்றதும் இறுக்கம் என்ற இந்த இரண்டுக்காகவும் நான் கட்டும் நேரத்தில் பாதி போய்விடும்.

கட்டு என்பது சாதாரணப் பருத்தி நூல். மோட்டாருக்கு முன்னால், குழாயின் இரு பக்கமும் சின்னத் துளை போட்டு, நூலைக் குறுக்கே விட்டு இறக்கையோடு கட்டுவோம். வெளித்தள்ளும் மருந்து வெடிக்கும்போது அந்தச் சுவாலை நூலை எரித்துவிடும். செயற்கை இழை நூல் வேண்டாம். அது உருகி எங்காவது ஒட்டிக்கொள்ளும். வெப்பத்தைத் தாங்கும் கெவ்லார் நூலோ எளிதில் எரியாது. இன்னொரு விஷயம், அந்த வெடிப்பின் வாயு வெளியேற வழி வேண்டும். பாராசூட் ராக்கெட்டில் மூக்குக் கூம்பு கழன்று வழிவிடும். இங்கே மூக்கு ஒட்டப்பட்டிருக்கும். வழி இல்லாவிட்டால் வாயு மோட்டார் கூட்டையே பின்னால் தள்ளி வெளியே எறிந்துவிடும். எறிந்தால் பறப்பு செல்லாது என்பதோடு, முன்கனம் போன கிளைடர் வாலில் உட்கார்ந்தபடி தத்தித் தத்தி விழும். குழாயின் முன்பகுதியில் எதிரெதிராகச் சம அளவில் இரண்டு துளைகள் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் அந்த ஊதலே மாடலைத் திருப்பிவிடும். மோட்டார் பின்னால் நழுவாதபடி ஒரு கம்பிக் கொக்கியும் அவசியம்.

ஏவுவதற்கு முன் வீட்டிலேயே நூலைக் கட்டி, பிளேடால் அறுத்து, இறக்கை ஓடுகிறதா என்று குறைந்தது 20 தடவை பாருங்கள். 19 தடவை ஓடி ஒரு தடவை சிக்கினால், சிக்கிய அந்த ஒன்றுதான் போட்டியன்று வரும்.

இனி மரம். பால்சாவில் எடை வித்தியாசம் நம்ப முடியாத அளவுக்கு இருக்கும். கடைப் பலகை ஒன்று கன மீட்டருக்கு 90 கிலோ அடர்த்தியில் இருக்கும், பக்கத்தில் இருப்பது 160. 450 மி.மீ. நீளம், 65 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனத்தில் ஓர் இறக்கையை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து முடித்தால் முதல் பலகையில் 6 கிராம் வரும், இரண்டாவதில் 10 கிராமைத் தாண்டும். மொத்தமே 30, 35 கிராம் உள்ள மாடலில் 4 கிராம் பெரிய தொகை. இறக்கைக்கு ஆரவெட்டுப் பலகை தேடுங்கள். மேற்பரப்பில் மீன்செதில் மாதிரி மின்னும் புள்ளிகள் தெரியும், குறுக்கே வளைக்கப் பார்த்தால் விறைப்பாக நிற்கும். இறக்கை குறுக்கே வளையாமல் இருக்க இந்த விறைப்புதான் தேவை.

கீழ்ப்பக்கம் தட்டை, மேல்பக்கம் வளைவு, உச்சம் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், பின்விளிம்பு முடிந்தவரை மெல்லிசு. இந்தச் சின்ன அளவிலும் மெதுவான வேகத்திலும் தடித்த இறக்கை நன்றாக வேலை செய்யாது. பெரிய விமானத்தின் குறுக்குவெட்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். முன்விளிம்பில் மெல்லிய கார்பன் இழை ஒன்றை ஒட்டினால் அடி தாங்கும். வண்ணம் பூசாதீர்கள். பூச்சு எடை கூட்டுவதோடு, காய்ந்து இறுகும்போது இறக்கையை முறுக்கிவிடும். அடிப்பக்கம் கறுப்பு மார்க்கரால் தீட்டினால் போதும், வானத்தில் அதுதான் நன்றாகத் தெரியும். புகைக் காற்று போகும் பாதையில் இறக்கையோ வாலோ வந்தால் அந்த இடத்தில் மட்டும் மெல்லிய அலுமினியத் தாள் ஒட்டுங்கள்.

மிதப்பைச் சரி செய்யும்போது மோட்டார் குழாய்க்குள் எரிந்து முடிந்த கூடு இருக்க வேண்டும். இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். காலிக் குழாயோடு அருமையாக மிதந்த மாடல், போட்டியில் முன்னால் கூட்டோடு வரும்போது மூக்குக் குத்தும். புது மோட்டாரைச் செருகிப் பார்ப்பதும் தப்பு, அதில் எரியப்போகும் மருந்தின் கனம் கூடுதலாக இருக்கும். நான் எரிந்த கூடுகளை எடைபோட்டு, சராசரியான ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

காற்றில்லாத விடியலில், உயரமான புல்லின் மேல், மிதக்கும் வேகத்தில் கிடையாக வீசுங்கள். மூக்கைத் தூக்கி, தயங்கி, விழுந்து, மறுபடி தூக்கினால் மூக்கில் கொஞ்சம் களிமண். நேரே தரையை நோக்கிப் போனால் களிமண்ணை எடுங்கள், எடுக்க ஒன்றும் இல்லை என்றால் முன்சரிவை ஒரு காகிதக் கனம் உயர்த்துங்கள். விளிம்பை வளைக்காதீர்கள் என்று மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை.

மிதப்பு வந்த பிறகு வட்டம். 15, 20 மீட்டர் விட்டத்தில் சுற்றினால் ஏறும் காற்றுக்குள் தங்கும், கண்ணுக்கும் எட்டும். இதற்குச் சுக்கானைத் திருப்பினால் ஏறும்போது திருகிக்கொண்டு போகும். வாலின் கிடைத்தகட்டை ஒரு பக்கமாகச் சற்றே சாய்த்து ஒட்டுவதுதான் வழி. பின்னாலிருந்து பார்க்கும்போது எந்தப் பக்க முனை உயர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகக் கிளைடர் திரும்பும். மிதக்கும்போது வால் தரும் சின்னத் தூக்குவிசை சாய்ந்து வாலை மறுபக்கம் தள்ளுவதால் இது நடக்கிறது. ஏறும்போது வாலுக்குக் கோணமே இல்லை, தூக்குவிசையும் இல்லை, எனவே சாய்வு ஒன்றும் செய்யாது. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த தந்திரம் இதுதான். பூஜ்யத்தை 100 ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தானே!

மோட்டாரில் பெரும்பாலோர் உயரத்தைத் துரத்துவார்கள். நான் மென்மையைத் துரத்துவேன். அதே ஏ வகுப்பில் ஏ10-3டி தொடக்கத்தில் ஓங்கி அடிக்கும், ஏ3-4டி நிதானமாகத் தள்ளும். குறியீட்டில் எழுத்துக்கு அடுத்த எண் சராசரி உந்துவிசையை நியூட்டனில் சொல்கிறது, கோட்டுக்குப் பின் வருவது மருந்து எரிந்து முடிந்ததற்கும் வெளித்தள்ளும் வெடிப்புக்கும் இடையிலான நொடிகளை. மெல்லிய இறக்கைக்கு நிதானமான தள்ளலே நல்லது.

தாமத நொடிகளில் கருத்தாக இருங்கள். நேர்க்குத்தாக ஏறும் மாடல் உச்சியைத் தொட அரை நொடி இருக்கும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 5 மீட்டர். அதாவது மிதக்கும் வேகமேதான். அங்கே இறக்கை முன்னே வந்தால் மாடல் அப்படியே சாய்ந்து மிதக்க ஆரம்பிக்கும். உச்சிக்கு இரண்டு நொடி முன்னதாகத் திறந்தால் வேகம் 20 மீட்டர், இறக்கையில் சுமை 16 மடங்கு. தாமதமாகித் தலைகீழாக விழ ஆரம்பித்தபின் திறந்தால், மூக்கை நிமிர்த்துவதற்குள் 20, 30 மீட்டர் உயரம் போய்விடும். நல்ல மாடல் நொடிக்கு அரை மீட்டர் இறங்கும் என்றால், 30 மீட்டர் என்பது முழுதாக ஒரு நிமிடம். உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ.யின் எஸ்4ஏ பிரிவில் ஒரு சுற்றுக்கு எண்ணப்படும் உச்ச நேரமே 180 நொடி. அதில் மூன்றில் ஒன்றைத் தாமதத் தேர்வில் தொலைக்கலாம். பெரிய மோட்டார் தரும் கூடுதல் பத்து மீட்டர் உயரத்தில் கிடைப்பதோ 20 நொடி. இரண்டு தாமதங்களுக்கு நடுவே குழம்பினால் குறைந்ததை எடுங்கள். சற்று முன்னால் திறந்து பிழைத்த மாடல்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பின்னால் திறந்து பிழைத்தவை சொற்பம்.

ஏவும் விஷயம் சாதாரண ராக்கெட் மாதிரிதான். மின்சாரப் பற்றவைப்பு, குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்பது, செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாய்க்காமல் இருப்பது. இறக்கை கம்பியில் உரசுகிறதா என்று மட்டும் கூடுதலாகப் பாருங்கள். உரசினால் மூன்று கால் கோபுரம் மாதிரி ஒரு ஏவுசட்டம் செய்துகொள்ளலாம்.

எப்போது ஏவுவது என்பதில்தான் பழையவர்கள் ஜெயிக்கிறார்கள். நீளக் கழியின் நுனியில் மெல்லிய நாடா ஒன்றைக் கட்டி வையுங்கள். அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கி, முகத்தில் வெதுவெதுப்பு தட்டி, நாடா தொய்ந்து பின் மேல்நோக்கி எழும்பினால், வெப்பக்காற்று உங்கள் தலைக்கு மேல் ஏறுகிறது என்று அர்த்தம். பருந்து வட்டமிட்டால் இன்னும் நல்லது. குளிர்ந்த காற்று வீசினால் பொறுங்கள், அது முடிந்துபோன ஏற்றத்தின் வால்.

நல்ல ஏற்றத்தில் மாட்டினால் மாடல் திரும்பி வராது. அதற்கு எரிதிரியோ சின்ன நேரக்கருவியோ வைத்து, நேரம் முடிந்ததும் வால் மேலே தூக்கிக்கொள்ளும்படி செய்வார்கள். மாடல் ஆடி ஆடி அதே இடத்தில் இறங்கிவிடும். அடுத்த சுற்றுக்கும் மாடல் வேண்டுமே. ஆனால் முதல் மாடலுக்கு இது வேண்டாம். அது தொலைந்துபோகிற அளவுக்கு நன்றாகப் பறந்தால் இரண்டாவதைச் சந்தோஷமாகக் கட்டுவீர்கள்.

உங்கள் இரண்டாவது மாடலின் இறக்கையும் வாலும் பிழைத்திருந்தால் தூக்கிப்போடாதீர்கள். மூக்கில் அப்பிய களிமண்ணை முழுதாகச் சுரண்டி எடுங்கள். இறக்கையைக் கம்பிலிருந்து பிரித்து, அடியில் ஒரு சறுக்குக்கட்டை ஒட்டி, பின்னால் நகர இடம் விடுங்கள். எரிந்த கூட்டைச் செருகி, இறக்கையைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி வீசிப் பாருங்கள். நன்றாக மிதக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், முன் தடுப்பு அங்கேதான் வர வேண்டும். பிறகு புது மோட்டாரைப் போட்டு, இறக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பாருங்கள். மூக்கு முன்னே நிற்கத் தொடங்குகிற இடத்துக்கு இன்னும் ஒரு விரற்கடை பின்னால் இரண்டாவது கோடு. நூல் கட்ட வேண்டிய இடம் அது.